ரைட்-ஓஃப் ஆன காருக்குக் குறைத்துத் தருகிறார்களா? முதலில் கணக்குத்தாளைக் கேளுங்கள்

பழைய க்ளெய்ம்ஸ்காரர், ஹரோ

பிரித்தானியாவில் ரைட்-ஓஃப் ஆன, அதாவது திருத்துவதில்லை என்று முடிவுசெய்து மதிப்பைப் பணமாகத் தந்த, கார்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் குறைத்துக் கொடுத்த பணம் திரும்பி வருகிறது என்ற செய்தியைப் பலர் பார்த்திருப்பீர்கள். நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ 2025இல் வெளியிட்ட கணக்குப்படி சுமார் 270,000 பேருக்கு 200 மில்லியன் பவுண் நட்டஈடு கிடைக்க வேண்டும். அதில் 129 மில்லியன், ஏறத்தாழ 150,000 பேருக்கு அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டது.

முக்கியமான தவறு எங்கே நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். காரில் முன்பே ஏதாவது கீறலோ நெளிவோ இருந்திருக்கும் என்று தாங்களாகவே வைத்துக்கொண்டு, அந்தக் காரின் உண்மையான நிலையைப் பார்க்காமலே ஒரு தொகையைக் கழித்திருக்கிறார்கள். குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று எஃப்.சி.ஏ 2022 டிசம்பரிலேயே எச்சரித்திருந்தது. 2023இல் டைரெக்ட் லைன் குழுமம், 2017 செப்டெம்பர் 1 முதல் 2022 ஓகஸ்ட் 17 வரையான தன் பழைய ரைட்-ஓஃப் க்ளெய்ம்களைத் திரும்பப் பார்க்க ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகுதான் விஷயம் பெரிதானது.

இந்த நட்டஈட்டுக்கு நீங்கள் விண்ணப்பிக்கத் தேவையில்லை. நிறுவனமே தொடர்புகொள்ளும். வீடு மாறியிருந்தால் மட்டும், அப்போது காப்புறுதி வைத்திருந்த நிறுவனத்துக்குப் புது முகவரியை எழுதிப் போடுங்கள். “உங்கள் பணத்தை எடுத்துத் தருகிறோம்” என்று அழைத்து வங்கி விவரமோ பங்கோ கேட்பவர்களிடம் கதைக்கவே வேண்டாம். சும்மா வருகிற பணத்தில் ஒரு பகுதியை அவர்களுக்குக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

இனி ரைட்-ஓஃப் ஆகப்போகிற காருக்கு என்ன செய்வது என்பதே பலருக்கும் பயன்படும். தொழில் தெரிந்தவர்கள் அவரவர் பார்ப்பதை எழுதுங்கள். நான் மதிப்பீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

பொலிசியில் “மார்க்கெட் வல்யூ” என்று எழுதியிருக்கும். விபத்துக்கு ஒரு நிமிடம் முன்பு இருந்த அதே தயாரிப்பு, அதே மொடல், அதே வயது, அதே மைலேஜ், அதே நிலையில் இன்னொரு காரை டீலரிடம் வாங்க என்ன விலை ஆகுமோ அதுதான் அந்தத் தொகை. நீங்கள் வாங்கிய விலையும் கணக்கில்லை, பழைய காரைக் கொடுத்து வேறு கார் எடுக்கும் பார்ட்-எக்ஸ்சேஞ்சுக்கு டீலர் தருகிற விலையும் கணக்கில்லை. பொலிசி எடுக்கும்போது படிவத்தில் நிரப்பிய மதிப்பும் பெரும்பாலும் கணக்கில் வராது. பழைய கிளாசிக் கார்களுக்கு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விலையில் எடுத்த பொலிசிதான் விதிவிலக்கு.

இந்த விலையைக் கண்டுபிடிக்க நிறுவனங்கள் பார்ப்பது பழைய கார்களின் விலை வழிகாட்டிகளை: ஓட்டோ டிரேடர், கிளாஸஸ், காப், பெர்கேசோ. ஒரே காருக்கு நான்கும் நான்கு விலை சொல்லும். ஒரு கற்பனைக் கணக்குப் போடுகிறேன். நான்கு வழிகாட்டிகளும் 9,400, 9,100, 10,200, 9,900 என்று காட்டுகின்றன என்று வையுங்கள். நிறுவனம் சராசரி எடுத்தால் 9,650. அதில் “பழைய சேதம்” என்று 600 கழித்தால் 9,050. இதுதான் உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லப்படும் தொகை. எப்படி வந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இதிலிருந்து எக்செஸ் (க்ளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) 500, மிச்சமிருக்கும் பிரீமியம் தவணை 640 போனால் கையில் வருவது 7,910.

நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் சேவையிடம் இது போனால், அவர்கள் முதலில் பார்ப்பது அந்த 10,200ஐத்தான். மிக உயர்ந்த வழிகாட்டி விலைக்குக் குறைவாகத் தருவதானால், அந்தக் குறைந்த தொகைக்கே அதே மாதிரிக் கார் கிடைக்கும் என்பதை நிறுவனம்தான் ஆதாரத்தோடு காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் உயர்ந்த விலைதான். மேலே உள்ள கணக்கில் வித்தியாசம் 1,150 பவுண். ஒரு தொலைபேசி அழைப்பில் “சரி” என்று சொன்னால் போய்விடுகிற பணம் அது.

ஆகவே முதல் அழைப்பில் எந்தத் தொகைக்கும் ஓம் சொல்லாமல், கணக்குத்தாளை மின்னஞ்சலில் கேளுங்கள். எந்தெந்த வழிகாட்டி, எந்தத் திகதி, எந்த மைலேஜ், எந்த மொடல் போட்டுப் பார்த்தார்கள், என்ன கழித்தார்கள், எஞ்சினியர் அறிக்கை என்ன சொல்கிறது என்பவை அதில் இருக்க வேண்டும். தர மறுத்தால், உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல் முழுவதையும் கேட்கும் உரிமை தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

—

கார் வாங்கி விற்பவர், குரொய்டன்

அண்ணை சொன்ன கணக்குத்தாள் கைக்கு வந்ததும் முதலில் மொடல் வரியைப் பாருங்கள். பாதிப் பிழை அங்கேதான் இருக்கும். ஒரே காரின் கீழ் மொடலுக்கும் மேல் மொடலுக்கும் ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம் வரும். நம்பர் பிளேட்டைத் தட்டினால் கணினி சில நேரம் கீழ் மொடலை எடுத்துக்கொள்ளும். ஓட்டோமேட்டிக் காரை மேனுவல் என்று போட்டிருப்பார்கள், ஐந்து கதவை மூன்று என்று போட்டிருப்பார்கள். லொக் புக்கில் (காரின் பதிவு ஆவணம்) உள்ள வின் நம்பரை (சட்டக இலக்கம்) கொண்டு, அந்தத் தயாரிப்பின் டீலரிடம் கார் என்ன மொடலாக, எந்தெந்தப் பாக்கேஜ் போட்டுத் தொழிற்சாலையை விட்டு வந்தது என்று கேட்டு வாங்கலாம். பனோரமிக் கூரை, லெதர் சீட், பார்க்கிங் கமெரா எல்லாம் தொழிற்சாலையிலேயே போட்டதாக இருந்தால் அந்தத் தாளோடு அனுப்புங்கள்.

அடுத்தது மைலேஜ். விபத்தில் பட்டரி அறுந்து மீட்டர் படிக்க முடியாமல் போனால், உத்தேசமாக ஒரு எண் போடுவார்கள். அது எப்போதும் உங்களுக்குப் பாதகமாகத்தான் இருக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் சரிபார்க்காமல் விடக்கூடாது. அரசாங்க இணையத்தளத்தில் காரின் எம்.ஓ.டி (வருடாந்தத் தகுதிச் சோதனை) வரலாறு இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு வருடத்து மைலேஜும் அதில் இருக்கும். கடைசி எம்.ஓ.டியில் 61,200, அதற்கு முந்தைய வருடம் 55,100 என்றால் வருடத்துக்கு சுமார் 6,000 மைல். எம்.ஓ.டி செய்து நான்கு மாதம் ஆகியிருந்தால் 63,200. நிறுவனம் 70,000 போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாலே போதும்.

மூன்றாவது, திகதி. விபத்து நடந்த நாளின் மதிப்புத்தான் வேண்டும். வழிகாட்டிகள் தொடர்ந்து மாறும். க்ளெய்ம் இழுத்துக்கொண்டு போய் இரண்டு மாதம் கழித்து அன்றைய விலையைப் போட்டால் ஏற்கக்கூடாது.

ஆதாரமாக இதே மாதிரிக் கார்களின் விற்பனை விளம்பரங்களைச் சேர்ப்பவர்கள் பலர் தப்பானவற்றைச் சேர்க்கிறார்கள். டீலர் கேட்கும் விலையில் பேரம் பேசி இறங்கலாம் என்பதால் ஒம்புட்ஸ்மன் பொதுவாக வழிகாட்டிகளுக்குத்தான் கூடுதல் எடை கொடுக்கும். ஆனால் விளம்பரங்களும் உயர்ந்த வழிகாட்டியும் ஒரே இடத்தில் நின்றால் நிறுவனம் மறுப்பது கடினம். ஐந்து விளம்பரம் போதும். வருடம், மொடல், எஞ்சின், கியர் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். மைலேஜ் உங்கள் காரோடு பத்து வீதத்துக்குள் இருக்கட்டும். எல்லாம் டீலர் விளம்பரமாக இருக்க வேண்டும், தனியாள் விற்பனை வேண்டாம். முன்பு ரைட்-ஓஃப் ஆகித் திருத்திய காரின் விளம்பரம் ஒன்று உள்ளே வந்தாலும் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும், ஏனென்றால் அவை மலிவு. விலை, மைலேஜ், நம்பர் பிளேட், டீலர் பெயர், திகதி எல்லாம் தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் விபத்து நடந்த அன்றே படமெடுத்து வையுங்கள். நல்ல கார் ஒரு வாரத்தில் விற்றுப்போய் விளம்பரம் மறைந்துவிடும். வெறும் இணைப்பை அனுப்பினால் அவர்கள் திறக்கும்போது ஒன்றும் இருக்காது.

நிறுவனமும் தன் பக்கத்துக்கு விளம்பரம் அனுப்பும். அதையும் வரிக்கு வரி பாருங்கள். மைலேஜ் கூடிய கார், ஒரு வருடம் பழைய கார், கீழ் மொடல் கார் எல்லாம் அதில் கலந்திருக்கும்.

ஒன்றை மனதில் வையுங்கள். போன மாதம் நான்கு டயர் மாற்றினேன், டைமிங் பெல்ட் போட்டேன், 900 பவுண் செலவு என்று ரசீது அனுப்பினால் பொதுவாக ஒரு சதமும் கூட்டித் தரமாட்டார்கள். கார் ஓடுவதற்கு அது செய்தே ஆக வேண்டிய பராமரிப்பு என்றுதான் பார்ப்பார்கள். ஆனாலும் அந்த ரசீதை எறியாதீர்கள். “டயர் தேய்ந்திருந்தது” என்று யாராவது கழித்தால் அதை அடிக்க அந்த ரசீதுதான் ஆயுதம்.

—

பாடி ஷொப், வெம்பிளி

திருத்தக்கூடிய காரை ஏன் ரைட்-ஓஃப் ஆக்குகிறார்கள் என்று எங்கள் கடைக்கு வருகிற எல்லோரும் கேட்பார்கள். திருத்தச் செலவு காரின் மதிப்பைத் தாண்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாதி, அறுபது வீதம் வந்தாலே பல நிறுவனங்கள் கணக்கை மூடிவிடும். முன்பக்க அடி ஒன்றைப் பாருங்கள். எயார்பாக் இரண்டு வெடித்தால் பாக் மட்டும் மாற்றினால் போதாது. சீட் பெல்ட் இழுவிசை யூனிட், எயார்பாக் கட்டுப்பாட்டுப் பெட்டி, பல கார்களில் டாஷ்போர்டின் மேல் தோல் முழுவதும் மாற வேண்டும். பம்பருக்குப் பின்னால் ரேடார், கண்ணாடிக்குப் பின்னால் கமெரா இருந்தால் பொருத்திய பிறகு அவற்றை அளவுதிருத்தம் செய்ய வேண்டும். எல்.ஈ.டி ஹெட்லைட் ஒரு சோடியின் விலையைக் கேட்டால் பழைய கார் ஒன்றே வாங்கலாம். இதற்கு மேல் உதிரிப்பாகம் வரும்வரை உங்களுக்குக் கொடுக்கும் மாற்றுக் காரின் வாடகை வேறு.

மதிப்பைக் குறைத்துப் போட்டால், திருத்தச் செலவு அந்த வீதத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும் என்பதையும் கவனியுங்கள். 10,200 பவுண் காருக்கு 5,300 திருத்தச் செலவு 52 வீதம். அதே காரை 8,500 என்று போட்டால் 62 வீதம். திருத்தி ஓடியிருக்கக்கூடிய கார், ரைட்-ஓஃப் கார்களைச் சேர்த்து விற்கும் யார்டுக்குப் போய்விடும்.

2017 ஒக்டோபரிலிருந்து ரைட்-ஓஃப் வகைகள் ஏ, பி, எஸ், என். ஏ முழுவதும் நசுக்க வேண்டியது. பியில் உதிரிப்பாகம் எடுக்கலாம், உடல் நசுக்க வேண்டும். எஸ் என்றால் சட்டகத்தில் அடி. என் என்றால் சட்டகம் சரி, ஆனால் பிரேக், ஸ்டியரிங் போன்றவற்றில் கோளாறு இருக்கலாம். எஸ், என் இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளக் கேட்கலாம். அப்போது யார்டில் விற்றால் கிடைக்கும் தொகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். எஸ் வகையானால் லொக் புக்கை முழுவதுமாக நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, வி62 படிவத்தில் இலவசமாகப் புதிது எடுக்க வேண்டும். அதில் வகை பதிவாகி வரும். என் வகைக்கு லொக் புக் உங்களிடமே இருக்கலாம். வைத்துக்கொள்வதற்கு முன் வேறு காப்புறுதிகளிடம் விலை கேட்டுப் பாருங்கள். எஸ் வகைக் காரை எடுக்காத நிறுவனங்கள் உண்டு, விற்கும்போது விலையும் நிரந்தரமாகக் குறையும்.

“பழைய சேதம்” என்று கழிப்பதைப் பற்றி நான் கூடச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக் காரின் பம்பர் மூலையில் நகத்தளவு கீறல் இருப்பது வழமை. வழிகாட்டி விலையே அந்த வயதுக்குரிய சாதாரணத் தேய்மானத்தோடுதான் போடப்படுகிறது. அதைத் திரும்பக் கழித்தால் இரண்டு தடவை கழித்ததாகிறது. கதவில் உள்ளங்கை அளவு நெளிவு, கதவுக்குக் கீழே துருப்பிடித்த சில் (அடிச்சட்டம்) போன்றவை வேறு. அவை உண்மையிலேயே விலையைக் குறைக்கும். அப்படியானால் படத்தில் வட்டமிட்டுக் காட்டச் சொல்லுங்கள், எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். எஞ்சினியர் பெரும்பாலும் நேரில் வருவதில்லை, யார்டில் எடுத்த படங்களைத்தான் பார்க்கிறார். யார்டில் ஃபோர்க்லிஃப்ட் தூக்கும்போது கதவுக்குக் கீழே விழுகிற நெளிவும் அந்தப் படங்களில் இருக்கும். அதனால் கார் இழுத்துச் செல்லப்படுமுன் நான்கு மூலை, நான்கு வீல், டயர் தேய்மானம், உள்சீட், மீட்டர் எல்லாவற்றையும் திகதியோடு படமெடுங்கள். தகராறு முடியும்வரை காரை விற்கவோ நசுக்கவோ வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். கார் போய்விட்டால் ஆதாரமும் போய்விடும்.

—

மினிகேப், ஈஸ்ட் ஹாம்

பிரைவட் ஹயர் ஓடுகிற தம்பிமாருக்கு. வாடகைக்கு ஓடிய கார் என்று சொல்லி வழிகாட்டி விலையிலிருந்து ஒரு பகுதியைக் கழிப்பார்கள். அப்படி ஓடிய காரை டீலர் மலிவாக விற்பது உண்மை என்பதால் கழிப்பது முழுக்கப் பிழை என்று வாதாட முடியாது. எவ்வளவு என்பதில்தான் வாதம். “பி.சி.ஓ ரெடி” (பிரைவட் ஹயர் ஓடத் தயார்) என்று லண்டனில் விற்கும் கார்களின் விளம்பரங்களைத் தேடுங்கள். அவை சாதாரணக் காரின் விலைக்குக் கிட்டவே, சில நேரம் அதற்கு மேலும் நிற்கும். உங்கள் காருக்குச் சரியான ஒப்பீடு அதுதான்.

2023 ஜனவரி 1 முதல் லண்டனில் முதல்தடவை லைசன்ஸ் எடுக்கும் பிரைவட் ஹயர் வாகனம் பூச்சிய உமிழ்வில் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய சாதாரண ஹைபிரிட் போய்விட்டால், அதே மாதிரி லைசன்ஸ் இல்லாத ஹைபிரிட்டை வாங்கிப் புதிதாக லைசன்ஸ் எடுக்க முடியாது. காப்புறுதி பழைய காரின் மதிப்பை மட்டுமே தரும், மின்காருக்கு ஏறும் விலையைத் தராது. அதனால் அந்த மதிப்பில் 500 பவுண் கூட விட்டுக்கொடுக்காதீர்கள். விபத்தில் காரின் பாதுகாப்போ தோற்றமோ பாதிக்கப்பட்டிருந்தால் 72 மணித்தியாலத்துக்குள் லைசன்ஸ் அலுவலகத்துக்கு அறிவிப்பதும் கட்டாயம்.

ஓடாத நாட்களின் வருமானம் உங்கள் சொந்தப் பொலிசியில் வராது. பிழை மற்றவர் மேல் என்றால் அவர் பக்கம் கேட்கலாம். செயலியின் வாராந்த அறிக்கையும் வரிக் கணக்கும் இல்லாமல் அது நிற்காது.

—

மோட்கேஜ் அக்கா, டூட்டிங்

தவணையில் எடுத்த கார் என்றால் காப்புறுதிப் பணம் முதலில் ஃபினான்ஸ் கம்பனிக்குத்தான் போகும். மிச்சம் இருந்தால் உங்களுக்கு, குறைந்தால் நீங்கள் கட்ட வேண்டும். பி.சி.பி என்ற தவணைத் திட்டத்தில் முதல் இரண்டு வருடத்தில் கடன் காரின் மதிப்பை விடக் கூட நிற்பது சாதாரணம். மதிப்பில் குறைகிற ஒவ்வொரு நூறு பவுணும் அங்கே உங்கள் கையிலிருந்துதான் போகிறது. ஃபினான்ஸ் கம்பனியிடம் கடனை முழுவதும் அடைக்க வேண்டிய தொகையைக் காட்டும் கடிதத்தை உடனே எடுங்கள், அதில் உள்ள தொகை குறிப்பிட்ட நாள்வரைதான் செல்லும்.

காப் (GAP) இன்சூரன்ஸ், அதாவது கார்க் காப்புறுதி தரும் தொகை போதாமல் விழும் வித்தியாசத்தைத் தரும் தனிப் பொலிசி (மேலே சொன்ன காப் விலை வழிகாட்டி வேறு), எடுத்தவர்கள் கார்க் காப்புறுதியிடம் தொகையை ஏற்குமுன் காப் நிறுவனத்திடம் சொல்லுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். “குறைந்த தொகையை ஏன் ஏற்றாய்” என்று கேட்டு, சரியான சந்தை மதிப்பிலிருந்துதான் வித்தியாசம் தருவோம் என்று காப் நிறுவனம் நிற்கும். இடையில் விழும் பள்ளம் உங்களுடையது.

வருடப் பிரீமியத்தை மாதத் தவணையில் கட்டுகிறவர்கள், கார் போன அன்றே டைரெக்ட் டெபிட்டை நிறுத்தாதீர்கள். முழு இழப்புக்கான க்ளெய்ம் பணத்தைக் கொடுத்துவிட்டால் அந்த வருடத்துப் பிரீமியம் முழுவதும் அவர்களுக்குச் சேரும்.

—

பழைய க்ளெய்ம்ஸ்காரர், ஹரோ

அக்கா சொன்னது சரி. முறைப்பாடு எழுதும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கோபமாக நான்கு பக்கம் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். “இதை முறைப்பாடாகப் பதிவு செய்யுங்கள்” என்ற வரியில் தொடங்குங்கள். பிறகு இவ்வளவு போதும்: நீங்கள் தந்த தொகை 9,050. நீங்களே பார்த்த வழிகாட்டிகளில் உயர்ந்தது 10,200. அந்த விலைக்கும் குறைவாக இதே கார் கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் தரப்படவில்லை. கழித்த 600க்குப் படமோ பிரித்த கணக்கோ இல்லை. இணைப்பில் எம்.ஓ.டி வரலாறு, வின் விவரம், ஐந்து விளம்பரம், என் படங்கள். 1,150 பவுணும் வட்டியும் தாருங்கள்.

அதே கடிதத்தில், தகராறில் இல்லாத 9,050ஐ இடைக்காலக் கொடுப்பனவாக இப்போதே தரும்படியும், அதைப் பெறுவது முழுத் தீர்வு ஆகாது என்றும் எழுதுங்கள். காரில்லாமல் வேலைக்குப் போக முடியாத நெருக்கடியில்தான் பலர் குறைந்த தொகைக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்த ஒரு வரி அந்த நெருக்கடியை எடுத்துவிடும்.

நிறுவனத்துக்கு எட்டு வாரம் அவகாசம். அவர்கள் இறுதிப் பதில் தந்ததும், அல்லது எட்டு வாரம் முடிந்ததும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதம் தாண்டினால் பொதுவாக எடுக்கமாட்டார்கள். ஒம்புட்ஸ்மனின் முடிவை நீங்கள் ஏற்றால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

ஆனால் இது உங்கள் சொந்தக் காப்புறுதிக்கு எதிராக மட்டுமே. இடித்தவரின் காப்புறுதியிடம் நேரே கேட்கிறீர்கள் என்றால், நீங்கள் அவர்களுடைய வாடிக்கையாளர் இல்லை, ஒம்புட்ஸ்மன் எடுக்காது. அங்கே வழி நீதிமன்றம்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண் வரையான பொருள் இழப்பு சிறு வழக்குப் பிரிவில் போகும். எக்செஸையும் அந்த வழியில் இடித்தவரிடமிருந்து எடுக்கலாம்.

—

பாடி ஷொப், வெம்பிளி

கடைசியாகச் சில சின்ன விஷயம், காசு சம்பந்தப்பட்டவை. சொந்தமாக வாங்கிய நம்பர் பிளேட் என்றால் கார் நிறுவனத்தின் கைக்குப் போகுமுன் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏயில் 80 பவுண் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு கிடைக்காது. காரை நிறுவனத்துக்குக் கொடுத்தால் டி.வி.எல்.ஏக்குச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 1,000 பவுண் வரை அபராதம். சொன்னால் ரோட் டாக்ஸில் மிச்சமிருக்கும் முழு மாதங்களுக்குப் பணம் திரும்பும். குழந்தை இருக்கையை யார்டில் விட்டுவிட்டு வராதீர்கள். அடிபட்ட காரில் இருந்த இருக்கையைத் திரும்பப் பாவிக்கக்கூடாது, பல பொலிசிகள் புதிதுக்குப் பணம் தரும், அதற்கு அந்த இருக்கையின் படமும் ரசீதும் கேட்பார்கள். டாஷ்காமின் மெமரி கார்டையும் அப்போதே கழற்றி எடுங்கள்.